ஊர்க் கிளப்புகள் ஏன் தேய்கின்றன? கால்பந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீளமேட்டுப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் ஞாயிறு காலைகளில் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஆறரை மணிக்குப் பையன்களை இறக்கிவிட்டு வேப்ப மரத்தடியில் காத்து நிற்கும் அப்பாக்களும், முந்தின இரவு கண்விழித்து மேட்ச் பார்த்துவிட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகளும் கேட்கிற சந்தேகங்கள் வருடக்கணக்காக ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொரு வாரமும் வாயால் சொல்வதற்குப் பதிலாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பாரம்பரியக் கிளப்புன்னு சொல்றீங்களே, அது என்னங்க? பழசா இருந்தாப் போதுங்ளா?

வயது மட்டும் போதாது. லிவர்பூல் கிளப் 1892-இல் தொடங்கியது. ஆனால் இன்று அது உலகம் முழுவதும் கடை விரித்திருக்கும் நிறுவனம். இந்தப் பக்கத்தில் பாரம்பரியக் கிளப் என்று நான் சொல்வது, ஓர் ஊரின் உழைக்கும் மக்களிடையே முளைத்து, அந்த ஊரின் டிக்கெட் வசூலையும் உள்ளூர் முதலாளிகளின் கைப்பணத்தையும் நம்பியே பல தலைமுறை நடந்த கிளப்பைத்தான்.

இங்கிலாந்தில் 1888-இல் பன்னிரண்டு கிளப்புகள் சேர்ந்து கால்பந்து லீக்கைத் தொடங்கியபோது, ஆறு லங்காஷயரிலிருந்தும் ஆறு மிட்லண்ட்ஸ் பகுதியிலிருந்தும் வந்தன. லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை. அக்ரிங்டன், பிளாக்பர்ன், போல்டன், பர்ன்லி, பிரெஸ்டன் என்ற ஐந்தும் பஞ்சாலை ஊர்கள். கோவையின் முதல் பஞ்சாலையும் அதே 1888-இல் தொடங்கியதாகச் சொல்வார்கள் என்பதால், இந்த ஊர்ப் பெயர்களை வாசிக்கும்போது எனக்கு அவை அந்நியமாகவே தோன்றுவதில்லை. 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பஞ்சாலை வேலையை முடிக்கச் சொன்னது. சங்கு ஊதியதும் வெளியே வந்து, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு மைதானத்துக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் பிடிக்கும். அங்கே சனிக்கிழமை மேட்ச் மூன்று மணிக்குத் தொடங்கும் வழக்கம் வந்தது அப்படித்தான்.

பணக்கார ஊரு ஜெயிக்கறதும் ஏழை ஊரு தோக்கறதும் எப்பவும் இருக்கறதுதானுங்களே? இதுல புதுசா என்ன ஏற்றத்தாழ்வு?

வித்தியாசம் எப்போதும் இருந்தது. அதை மட்டுப்படுத்தும் விதிகளும் கூடவே இருந்தன என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. 1961 ஜனவரியில் அதை நீக்கும்போது வாரத்துக்கு இருபது பவுண்டு. உள்ளூர் அணி தன் டிக்கெட் வசூலில் ஐந்தில் ஒரு பங்கை வந்து ஆடிய அணிக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஆட்டக்காரர் பக்கமிருந்து பார்த்தால் சம்பள வரம்பு அநியாயம்தான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் எண்பதாயிரம் பேர் வசித்த பர்ன்லி 1960-இல் நாட்டின் சாம்பியன் ஆனது இந்த விதிகளின் கீழ்தான்.

நம் ஊர் உதாரணமே போதும். கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுக்கு ஒரு போகம் என்று முறை வைத்திருக்கிறார்கள். முறை இல்லாமல் திறந்துவிட்டால் மேல்மடைக்காரர் கரும்பும் நெல்லும் வைத்துவிடுவார். கடைமடைக்காரர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கடைமடைக்காரருக்கு விவசாயம் தெரியவில்லை என்று யாரும் சொல்வதில்லை.

அப்ப எப்பங்க கெட்டுப் போச்சு? பிரீமியர் லீக் வந்த பொறகுதானுங்களே?

அது கடைசிப் படி. 1961-இல் சம்பள வரம்பு போனதும் லண்டனின் ஃபுல்ஹாம் கிளப் தன் ஆட்டக்காரர் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் நூறு பவுண்டு கொடுத்தது. பஞ்சாலை ஊர்க் கிளப்புகள் அந்த ஏலத்தில் நிற்க முடியாது. 1983-இல் டிக்கெட் வசூலைப் பகிரும் விதி போனது. தன் மைதானத்தில் வந்த பணம் முழுவதும் தனக்கே என்றானது. அறுபதாயிரம் பேர் அமரும் மைதானத்துக்கும் பத்தாயிரம் பேர் அமரும் மைதானத்துக்கும் நடுவே இருந்த பெரிய பாலம் ஒன்று அன்று உடைந்தது. தொலைக்காட்சிப் பணம் தொண்ணூற்றிரண்டு கிளப்புகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டு வந்ததையும் 1986-இல் மாற்றி, பாதியை முதல் டிவிஷனுக்கே ஒதுக்கினார்கள். 1992-இல் மேலிருந்த இருபத்திரண்டு கிளப்புகள் தனியே பிரிந்து பிரீமியர் லீக்கை அமைத்தபோது, மீதமிருந்த கொஞ்சம் பகிர்வும் பிரிந்தவர்களின் தயவைப் பொறுத்ததாகிவிட்டது.

இந்த வரிசையில் என்னை அதிகம் உறுத்துவது 1983 தான். செயற்கைக்கோள் தொலைக்காட்சி வருவதற்கு முன்பே, வெளிநாட்டு முதலாளிகள் வருவதற்கு முன்பே, கிளப்புகள் தாங்களே கை தூக்கி வாக்களித்துச் செய்த காரியம் அது. நான்கே ஆண்டுகளில், 1987-இல், அதே பர்ன்லி நான்காம் டிவிஷனின் கடைசி நாள் ஆட்டத்தில் ஜெயித்துத்தான் லீக்கைவிட்டு வெளியேறாமல் தப்பியது.

மேல இருந்து எறங்கற கிளப்புக்குப் பாராசூட் பணம் தர்றாங்களே, அது நல்லதுதானுங்களே?

வாங்குகிறவருக்கு நல்லது. பட்டியலின் அடியில் முடித்து, பிரீமியர் லீக்கிலிருந்து கீழ் அடுக்குக்கு இறங்கும் கிளப்புக்கு, அங்கே எல்லாருக்கும் சமமாகப் பிரியும் பங்கில் முதல் ஆண்டு 55 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு 45, மூன்றாம் ஆண்டு 20 என்று கொடுக்கிறார்கள். ஒரே ஆண்டு மேலே இருந்துவிட்டு இறங்கியவர்களுக்கு மூன்றாம் தவணை கிடையாது. பெரிய சம்பள ஒப்பந்தங்களோடு இறங்குபவர்கள் உடனே திவால் ஆகிவிடக் கூடாது என்பது நோக்கம்.

ஆனால் அவர்கள் இறங்கி வருவது வேறு கிளப்புகள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் லீக்குக்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கி ஊற்றும்போது தானும் ஊற்றியே தீர வேண்டும் என்று கடன் வாங்குகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டாம் அடுக்கில் வருமானத்தைவிடச் சம்பளச் செலவு அதிகமாக உள்ள கிளப்புகள் ஆண்டுதோறும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பெரின்னு ஒரு கிளப்பை லீக்கை விட்டே தள்ளிட்டாங்களாமே, அப்படி என்னங்க தப்பு பண்ணுனாங்க?

பெரி, மான்செஸ்டருக்குச் சற்று வடக்கே உள்ள சிறு பஞ்சாலை ஊர். 1885-இல் பிறந்த கிளப். 1900-இலும் 1903-இலும் இங்கிலாந்தின் பழைய நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை வென்றது, 1903 இறுதி ஆட்டத்தில் டெர்பி கவுண்டியை 6-0 என்று தோற்கடித்தது. நூற்றுப் பதினாறு ஆண்டுகள் வேறு எந்த அணியாலும் இறுதியில் அந்த இடைவெளியைத் தொட முடியவில்லை. 2019 மே மாதம் மான்செஸ்டர் சிட்டி, வாட்ஃபோர்டை அதே 6-0 கணக்கில் வென்று அதைச் சமன் செய்தது. அதே 2019 ஆகஸ்ட் 27 அன்று பெரி லீக்கிலிருந்து நீக்கப்பட்டது.

மைதானத்தில் அவர்கள் தோற்கவில்லை. அந்த ஆண்டுதான் நான்காம் அடுக்கிலிருந்து மூன்றாம் அடுக்குக்கு ஏறியிருந்தார்கள். முந்தைய உரிமையாளர் காலத்தில் வருமானத்துக்கு மீறிச் சம்பளம் கொடுத்ததும், மைதானத்தையே அடமானம் வைத்ததும், 2018-இல் கிளப் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியதும், புதியவரால் பணம் காட்ட முடியாமல் போனதும் சேர்ந்து முடித்துவிட்டன. தனி மனிதர்களின் தவறு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேலே ஏறாவிட்டால் பிழைப்பில்லை என்ற நிலையில் சூதாடத் துணிகிறவர் கையில்தான் ஊர்க் கிளப் போய்ச் சேர்கிறது.

சித்த இருங்க. மான்செஸ்டரும் வடக்குதானே? லிவர்பூலும் வடக்கு. அப்பறம் எப்படிங்க தெக்கத்தி லண்டன்காரன் சுரண்டறான்னு சொல்றாங்க?

இந்தக் கேள்வியைக் கேட்ட கல்லூரி மாணவனுக்கு என் நன்றி, ஏனெனில் வடக்கு–தெற்கு என்று மட்டும் பார்ப்பது பாதிக் கணக்குதான். லண்டனின் எடை கூடியிருப்பது உண்மை: 2024-25 பிரீமியர் லீக்கின் இருபது கிளப்புகளில் ஏழு லண்டனைச் சேர்ந்தவை, 1888-இன் பன்னிரண்டில் எவர்ட்டன், ஆஸ்டன் வில்லா, வுல்வ்ஸ் ஆகிய மூன்று மட்டுமே அங்கே இருந்தன. முதல் பதிலில் சொன்ன ஐந்து பஞ்சாலை ஊர்களில் ஒன்றுகூட இல்லை.

ஆனால் மான்செஸ்டரும் லிவர்பூலும் பெருநகரங்கள். விமான நிலையமும் துறைமுகமும் உலகப் பெயரும் உள்ள இடத்துக்கு வெளிநாட்டு முதலீடு வருகிறது. பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிக்கு வருவதில்லை. சாய்வு வட்டாரங்களுக்கு இடையே இருப்பதைப் போலவே ஒரே வட்டாரத்தின் நகரத்துக்கும் சிற்றூருக்கும் இடையிலும் இருக்கிறது. கோவைக்கும் சென்னைக்கும் உள்ள தூரத்தைப் பேசுகிறவர்கள், கோவைக்கும் காங்கேயத்துக்கும் உள்ள தூரத்தையும் கொஞ்சம் பேச வேண்டும்.

ஊரு நொடிச்சுதான் கிளப்பு நொடிக்குதுங்களா, இல்ல கிளப்பு நொடிச்சு ஊரு நொடிக்குதுங்களா?

பெரும்பாலும் ஊர்தான் முதலில். சண்டர்லேண்டில் கப்பல் கட்டுவதும் நிலக்கரியும் போயின. ஆறு முறை சாம்பியனான அந்தக் கிளப்பின் இன்றைய மைதானம், 1993-இல் மூடப்பட்ட சுரங்கம் இருந்த இடத்தில் 1997-இல் எழுந்தது. வாசலில் சுரங்கத் தொழிலாளியின் விளக்கைப் பெரிதாகச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். 2017-இலும் 2018-இலும் அடுத்தடுத்து இரண்டு படி இறங்கி, 2025-இல் மீண்டும் மேலே வந்தது. மூன்றாம் அடுக்கில் ஆடிய காலத்திலும் அங்கே முப்பதாயிரம் பேர் வந்த நாட்கள் உண்டு. வேலை போன ஊரில் பெருமைப்பட ஒன்றாவது மிஞ்சட்டும் என்று வருகிறவர்களை வைத்து மட்டும் சம்பளப் பட்டியல் போட முடியாது.

ஜெர்மனியில 50+1 விதி இருக்குதே, அங்க முதலாளி ஆட்டம் இல்ல, எல்லாம் சமம்னு எங்க அண்ணன் சொல்றானுங்க?

ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது அந்த விதி. கிளப்பை ஒருவர் விலைக்கு வாங்கி அழிப்பதை அது ஓரளவு தடுக்கிறது. வட்டாரங்களுக்கு இடையிலான சாய்வை அது தொடுவதில்லை. அதற்குக் கிழக்கு ஜெர்மனியைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கிழக்கு ஜெர்மனியின் மாக்டெபுர்க் 1974-இல் ஏ.சி. மிலானை 2-0 என வென்று ஐரோப்பியக் கோப்பை ஒன்றைத் தூக்கியது. 1987-இல் லோக்கோமோட்டிவ் லைப்சிக் அதே கோப்பையின் இறுதி வரை போனது. இரு ஜெர்மனிகளும் இணைந்த பின் 1991-இல் லீக்குகளை இணைத்தபோது, கிழக்கின் உயர்மட்ட லீக்கிலிருந்து ஹன்சா ராஸ்டாக், டைனமோ டிரெஸ்டன் என்ற இரண்டுக்கு மட்டுமே முதல் டிவிஷனில் இடம் கொடுத்தார்கள். அதற்கு முன்பே நல்ல ஆட்டக்காரர்கள் போய்விட்டார்கள்: ஆண்ட்ரியாஸ் டோம், உல்ஃப் கிர்ஸ்டன் லெவர்குசனுக்கு, மத்தியாஸ் சாமர் ஸ்டுட்கார்ட்டுக்கு. ஆலைகள் விற்கப்பட்டன அல்லது மூடப்பட்டன. விளம்பரம் கொடுக்கக்கூடிய பெரிய நிறுவனங்களின் தலைமையகங்கள் மேற்கிலேயே இருந்தன. ராஸ்டாக் 1992-இலேயே இறங்கியது. டிரெஸ்டன் 1995-இல் இறங்கியதோடு உரிமமும் இழந்தது. காட்புஸ் 2009-இல் இறங்கிய பிறகு ஏழு ஆண்டுகள் முதல் டிவிஷனில் பழைய கிழக்குப் பகுதியின் கிளப் ஒன்றுமே இல்லை.

லைப்சிக் ஐரோப்பாவோட பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கே ஆடிடுச்சே. அப்ப கெழக்கு எந்திரிச்சிடுச்சுன்னுதானுங்களே அர்த்தம்?

ஓர் ஊர் எழுந்தது. ஆர்.பி. லைப்சிக் 2009-இல் ஓர் ஆற்றல் பானக் கம்பெனி, மார்க்ரான்ஷ்டெட் என்ற ஐந்தாம் அடுக்குக் கிளப்பின் இடத்தை வாங்கி அமைத்த அணி. ஓட்டுரிமையுள்ள உறுப்பினர்களை மிகச் சிலராக வைத்து 50+1 விதியின் எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டது. 2016-இல் முதல் டிவிஷன், 2022-இல் ஜெர்மன் கோப்பை. மைதானம் நிறைகிறது, லைப்சிக் மக்கள் மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதே நகரத்தின் லோக்கோமோட்டிவும் கெமியும் கீழ் அடுக்குகளில்தான் இன்னமும் ஆடுகின்றன.

எதிர்ப்பக்கம் யூனியன் பெர்லின். 2004-இல் லீக் உரிமத்துக்குப் பணம் திரட்ட அதன் ரசிகர்கள் இரத்தம் கொடுத்து, கிடைத்த தொகையைக் கிளப்புக்குத் தந்தார்கள். 2008-09-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூலி வாங்காமல் சிமெண்ட் கலவை போட்டு மைதானத்தைப் புதுப்பித்தார்கள். 2019-இல் முதல் டிவிஷனுக்கு ஏறி, 2023-இல் சாம்பியன்ஸ் லீக் வரை போனார்கள். இதைச் சொன்னதும் “பாத்தீங்ளா, மனசு வெச்சா முடியுமுங்க” என்பார் ஒருவர். முடியும், ஆனால் அது தலைநகரத்துக் கிளப் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நாம இங்க உக்காந்துட்டு சிட்டி, லிவர்பூல்னு பாக்கறோமே, அதுவுந் தப்புங்களா?

தப்பு என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு ஒருவனும் வர மாட்டான். பையன்கள் போடுவதெல்லாம் திருப்பூர் காதர்பேட்டையில் வாங்கிய ஜெர்சிகள்தான். பெரி ஜெர்சி அங்கே தொங்குவதை நான் பார்த்ததில்லை. ஆனால் இங்கிருந்து நாம் கட்டும் தொலைக்காட்சிச் சந்தா எங்கே போய்ச் சேர்கிறது என்பது தெரிந்திருக்கட்டும்: இரண்டாம் பதிலில் சொன்ன மேல்மடைக்கு.

இத்தாலியில் இது பழைய கதை. தெற்கிலிருந்து டூரின் கார்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர்கள் யுவென்டஸ் ரசிகர்களானார்கள். 1968-இல் சிசிலிக்காரரான பியெட்ரோ அனஸ்டாசியை அந்தக் கிளப் வாங்கியதும் அவர்களுக்குத் தங்கள் ஊர்ப் பையன் ஒருவன் கிடைத்தான். ரோமுக்குத் தெற்கே சாம்பியன் பட்டம் போனது கால்யாரிக்கு ஒரு முறை, 1970-இல். நேப்பிள்ஸுக்கு நான்கு முறை, 1987, 1990, 2023, 2025-இல்.

மில்லு மூடுனா வேற மில்லு ஓடும், யாரும் கேக்கறதில்ல. கிளப்பு மூடுனா மட்டும் எதுக்குங்க இத்தனை பேச்சு?

என் தந்தை வேலை பார்த்த ஆலை மூடியபோது நாங்கள் கேட்டோம். யாரும் காதில் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

கேள்விக்கு வருகிறேன். ஓர் ஆலை மூடினால் அதன் ஆர்டர் இன்னொரு ஆலைக்குப் போகும்; போட்டியாளர் ஒழிவது லாபம். கால்பந்தில் விற்கப்படும் சரக்கு ஆட்டம். அதைத் தயாரிக்க இரண்டு அணி வேண்டும். ஒரே வண்டியை வைத்துக்கொண்டு ரேக்ளா நடத்த முடியுமா? எதிர் வண்டியின் காளைக்குத் தீனி இல்லாமல் போவது ஜெயிக்கிற வண்டிக்காரரின் பிரச்சினையும்தான். வசூலைப் பகிர்வதைத் தருமம் என்று எண்ணுபவர்களுக்கு என் பதில் இது. வந்து ஆடியவருக்குக் கூலி உண்டு.

நம்ம நாட்டுலயும் இப்படி ஆச்சுங்களா?

ஆனது, இன்னும் வேகமாக. பஞ்சாபில் பக்வாரா என்ற ஊரின் ஜே.சி.டி. பஞ்சாலை அணி 1996-97-இல் முதல் தேசியக் கால்பந்து லீக்கின் சாம்பியன், 2011-இல் மூடப்பட்டது. மும்பையின் மகிந்திரா யுனைடெட் அதற்கு முந்தைய ஆண்டே போனது. 2014-இல் ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக், உரிமக் கட்டணம் செலுத்தும் அணிகளோடு, இறங்கும் பயமே இல்லாத லீக்காக வந்தது. 2016-இல் கோவாவின் பழைய கிளப்புகளான டெம்போவும் சல்காவ்கரும், பழைய தேசிய லீக்கின் தொடர்ச்சியான ஐ-லீக்கைவிட்டு விலகின. ஐந்து முறை தேசியச் சாம்பியனான கிளப் டெம்போ. ஐ-லீக்கில் ஜெயித்தால் ஐ.எஸ்.எல்.-க்கு ஏறலாம் என்ற வழி 2023-இல்தான் திறந்தது.

சென்னை சிட்டி நம்ம நேரு ஸ்டேடியத்துல ஆடித்தானுங்களே ஜெயிச்சாங்க? அது நம்ம கிளப்பு இல்லீங்களா?

2019 மார்ச் 9 அன்று நானும் அந்த மைதானத்தில் இருந்தேன். கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபுக்கு எதிராக ஒரு கோல் பின்தங்கி, பிறகு 3-1 என்று ஜெயித்து, 43 புள்ளிகளோடு ஐ-லீக் பட்டம்; ஈஸ்ட் பெங்கால் 42. எனக்கு முன் வரிசையில் ஒரு பெரியவர், முதல் பாதி முழுவதும் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே உட்கார்ந்திருந்தார். அந்த சீசனில் பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார்.

ஆனால் முந்தைய பதிலில் சொன்ன வழி அப்போது திறக்கவில்லை. நாட்டின் ஒரு லீக்கின் சாம்பியனுக்கு மேலே போக இடமில்லை. பெயர் சென்னையுடையது, ஆட்டம் கோவையில். 2021-க்குப் பிறகு அந்த அணி தேசிய லீக்கில் இல்லை. நம் கிளப்பா என்று கேட்டால், நம் ஊரில் வாடகைக்குக் குடியிருந்து எல்லாரிடமும் நன்றாகப் பழகிவிட்டுக் காலி செய்து போன குடும்பத்தைப் போல என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கோயமுத்தூர்ல பணத்துக்கா பஞ்சம்? நாலு முதலாளி சேந்து ஒரு கிளப்பு வெச்சா ஆகாதுங்களா?

கிழக்கு ஜெர்மனிக்கு இல்லாதது நமக்கு இருக்கிறது: பம்பு, பஞ்சாலை, பின்னலாடை, கோழிப்பண்ணை என்று தலைமையகமே இங்கேயுள்ள நிறுவனங்கள். ஆகவே ஒரு கிளப் வைக்கலாம். வைத்தால் அது யாரோடு ஆடும் என்பதுதான் என் கேள்வி. ரேக்ளா பதிலை மறுபடி பார்க்கவும். ஈரோடு, திருப்பூர், சேலம், கரூர், நாமக்கல், வாளையாறு தாண்டிப் பாலக்காடு என்று ஏழெட்டு ஊர்களில் அணிகள் இருந்து, அவை மாறி மாறி ஆடி, வசூலில் வந்தவருக்கும் பங்கு கொடுத்தால், ஒரு முதலாளி கைவிட்டாலும் லீக் நிற்கும். ஒரே ஊரில் பத்துக் கோடி போட்டு ஓர் அணி வைத்தால், அந்த முதலாளியின் மகனுக்குக் கிரிக்கெட்டில் ஆசை வரும் நாள்வரைதான் அது நிற்கும்.

என் தந்தையின் ஆலை அணியில் ஆடியவர்களை மேட்ச் நாளில் ஷிப்டு முடிய ஒரு மணி நேரம் முன்னதாக விடுவார்களாம். அந்த ஒரு மணி நேரத்துக்கும் கூலி உண்டு. எதிரணி இன்னொரு ஆலை. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிக்கும் டீயும் பன்னும் வாங்கித் தருவது உள்ளூர் ஆலையின் பொறுப்பு.